சேனைக்கு வந்த காறல்

அந்தக் காலத்தில் மண்ணுக்கு மேலே இருந்தவை மட்டுமல்ல, மண்ணுக்குள்ளே இருந்தவையும் பேசிக்கொண்டிருந்தன. பன்றியும் முள்ளம்பன்றியும் பேசியதைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. அவை பேசியதில் பாதி வசவு. கிழங்குகள் பேசியதுதான் மனிதர்களுக்கு உபயோகமாக இருந்தது. கொடியின் மூட்டில் குனிந்து, மண்ணை விரலால் தட்டி, "வரலாமா?" என்று கேட்டால் கீழேயிருந்து பதில் வரும். "வா" என்றால் தோண்டலாம். "இன்னும் ஆகலை" என்றால் தோண்டும் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கொடிக்குப் போக வேண்டியதுதான். கிழங்கு பொய் சொல்லாது. கிழங்கிடமும் யாரும் பொய் சொன்னதில்லை. அதற்கான தேவை அதுவரை வரவில்லை.

உரல்பாறை என்ற மலையடிவாரக் குடியிருப்பில் கொற்றி என்பவள் கிழங்கு கேட்பவளாக இருந்தாள். எல்லோராலும் தட்டிக் கேட்க முடியும். ஆனால் மண்ணுக்கடியில் முனகுவதையும் சரியாகக் காதில் வாங்குகிறவர்கள் சிலர்தான். அன்றைய பொதுப்பானையில் வள்ளி போவதா, சேம்பு போவதா, சேனை போவதா என்பது அவள் முடிவு.

வள்ளி நல்ல மாவு. வயிறு நிறையும். ஆனால் ஆழத்தில் கிடக்கும், வாய் அதிகம். சேம்பு ஓடைக்கரையில் நிற்கும். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் புலம்பும். சேனைதான் இருப்பதில் சாது. மேலாகவே கிடக்கும், கையால் மண்ணை விலக்கினால் போதும். அன்றைக்குச் சேனையில் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும் காறல் கிடையாது. பச்சையாகவே வெட்டி நசுக்கிப் பல் முளைக்காத பிள்ளைக்கும் ஊட்டலாம். அதனாலேயே அதைப் பால் மறக்கும் பிள்ளைகளுக்கும் பாயில் கிடப்பவர்களுக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

கேட்பவளுக்குக் கட்டுப்பாடுகளும் இருந்தன. எந்தக் கிழங்கை எடுத்தாலும் அதன் முளையை மட்டும் வெட்டித் திரும்பக் குழியில் வைத்து மண் அணைக்க வேண்டும். வெந்ததும் முதல் துண்டை அவளே தின்ன வேண்டும். தின்றுவிட்டு, ஒரு வெற்றிலை மெல்லும் நேரமாவது காத்திருந்து, அதன்பிறகுதான் மற்றவர்கள் பானைக்குள் கை விடலாம். கொற்றி அதைச் சடங்காகத்தான் செய்துவந்தாள். அவளுக்குத் தெரிந்து எந்தத் துண்டும் யாரையும் ஒன்றும் செய்ததில்லை.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த மழையும் பொய்த்தது.

முதலில் பன்றிகள் மலையை விட்டுப் போயின. போகும்போது வழக்கமான வசவைக்கூடச் சொல்லவில்லை. ஓடை வற்றியது. சேம்பு சில நாள் புலம்பியது, பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. கொற்றி போய்த் தோண்டிப் பார்த்தபோது உள்ளே நார்தான் இருந்தது.

வள்ளி மட்டும் ஆழத்தில் சௌக்கியமாக இருந்தது.

"வரலாமா?" என்று கொற்றி கேட்டாள்.

"தாராளமா வா. யாரு வேண்டாங்கா? ஆள் உயரத்துக்கும் கீழ கிடக்கேன். உன் புருசனுக்குக் கோல் தூக்கத் தெம்பு இருந்தா வரச் சொல்லு."

அவள் புருசன் கடம்பன் தோண்டினான். தரை பாறைபோல இறுகியிருந்தது. முழங்கால் ஆழம் போவதற்குள் அவன் குழியின் ஓரத்தில் சாய்ந்துவிட்டான். கண் மேலே செருகியிருந்தது.

"என்ன, மேல சத்தத்தையே காணோம்?" என்றது வள்ளி.

கொற்றி கடம்பனைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்தாள். வழியில் அவன் தம்பி பெண்டாட்டி இருளாயி, குடிசை வாசலில் புளியங்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். அடிவாரத்தில் இலை உதிராமல் நின்றது அந்த ஒற்றைப் புளியமரம்தான். இருளாயி வீட்டில் புளியங்கொழுந்து, புளியங்காய், கொட்டை என்று மரத்தையே தின்று உயிரோடிருந்தார்கள். பல்லெல்லாம் கூசிப்போயிருந்தது.

"மைனி, தினமும் கேட்டுட்டு கேட்டுட்டு வாறிய. அந்தக் கேள்வியை எந்தச் சட்டியில போட்டு வேக வைக்க?"

"உன் நாக்கை முதல்ல வேக வைக்கணும்."

"வையுங்க. கறின்னு ஒண்ணு கண்ணால பாத்தாப் போதும்."

கொற்றிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை. உள்ளே அவள் மகள் குன்றி பாயில் கிடந்தாள். நடக்க வேண்டிய வயது. போன மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றவள், இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை. கொற்றிக்குப் பால் வற்றிவிட்டிருந்தது. விரலைக் கொடுத்தால் மட்டும் பிள்ளை பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியை வைத்துத்தான் கடம்பனும் கொற்றியும் பிள்ளைக்கு இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் கொற்றி புளியமரத்தடிக்குப் போனாள். மரத்து வேருக்கும் பாறைக்கும் நடுவே கொஞ்சம் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு பெரிய சேனை நின்றது. காட்டில் மற்றச் சேனைகளெல்லாம் எடுத்துத் தின்றாகிவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி. குடைபோன்ற ஒற்றை இலை இன்னும் பாதி பச்சையாக இருந்தது. அது வாடிச் சாய்ந்தால்தான் கிழங்கு விளைந்ததாக அர்த்தம்.

"வரலாமா?"

கொற்றி குனிந்து காதை மண்ணில் வைத்தாள்.

"இலை சாயலையே தாயி. பிள்ளைங்க இன்னும் என்னைப் பிடிச்சிட்டுக் கிடக்கு. அதுங்க கழலட்டும்."

"என் பிள்ளையும் அப்படித்தான் கிடக்கு" என்றாள் கொற்றி.

"எத்தனை பெரிசு?"

"நடக்குற வயசு. நடக்கலை."

கொற்றி எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாள். 'இன்னும் ஆகலை' என்றால் எழுந்து போக வேண்டும் என்பதுதான் வழக்கம். அவள் எழுந்திருக்கவில்லை.

"சரி, என்னை எடுத்துக்க" என்றது சேனை. "என் முளையை மட்டும் வெட்டிக் குழியில வச்சிரு. பிள்ளைங்களை அசைக்காத. மண்ணை அணைச்சு விடு. மழை வந்தா அதுங்க பிழைச்சுக்கும்."

"வைக்கேன்."

"அதுங்க என்னைத் தேடும். உன்கிட்டக் கேட்கும்."

"கேட்டா என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாத."

கொற்றி சொன்னபடியே செய்தாள். பெரிய கிழங்கை எடுத்தாள், நடுவிலிருந்த முளையை வெட்டிக் குழியில் வைத்தாள். சுற்றிலும் புன்னைக்காய் அளவில் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைக் கிழங்குகளைத் தொடாமல் மண்ணை இழுத்து மூடினாள். பொதுப்பானையில் சேனை வெந்தது. முதல் துண்டை அவள் தின்றாள், காத்திருந்தாள். குடியிருப்பின் தலைவனான மூப்பன் சாத்தன் பங்கு வைத்தான். அன்று மாலை குன்றி கையை நீட்டி இன்னும் கேட்டாள். இருளாயி அதைப் பார்த்து, "கேட்கிறவ மகளுக்குக் கேட்கவா சொல்லித் தரணும்" என்றாள்.

அந்தச் சேனை சில நாள் வந்தது. பிறகு பானையைக் கழுவிய தண்ணீரும் தீர்ந்தது.

மூப்பன் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தான். நிற்க முடிந்தவர்கள் குறைவு.

"காட்டுல இனி சேனை இல்லை. முளையும் பிள்ளைக் கிழங்கும்தான் மண்ணுல இருக்கு. அது மழைக்கு உள்ளது. யாரும் கை வைக்கக் கூடாது."

"மழை வரலைன்னா மூப்பரே?" என்று ஒருவன் கேட்டான்.

"வரலைன்னா செத்துப் போவோம். அதைத் தின்னுட்டா மழை வந்த பிறகும் சாவோம்."

ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். கொற்றியும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள். மூப்பன் சொன்னது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது.

வீட்டில் கடம்பன் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"விரலைக் கொடுத்தேன். பிடிக்கலை" என்றான்.

கொற்றி அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிட்டு, கோலை எடுக்காமல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். உச்சி வெயில். யாரும் வாசலில் இல்லை.

புளியமரத்தடியில் குனிந்து மண்ணைத் தட்டினாள். தட்டாமலேயே தோண்டியிருக்கலாம். அத்தனை வருடப் பழக்கம், கை தானாகத் தட்டிவிட்டது.

"வரலாமா?"

கீழேயிருந்து சின்னச் சின்னக் குரல்கள் வந்தன. வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் வயது அவற்றுக்கு இல்லை. அவற்றிடம் வேறு கேள்வி இருந்தது.

"அம்மா வந்துட்டாளா?"

கொற்றி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"யாரது? அம்மாவா?"

"அம்மா எங்க வீட்டுல இருக்கா" என்றாள் கொற்றி. "உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னா. வாங்க."

அவை வந்தன. அவள் தோண்ட வேண்டியிருக்கவில்லை. மண்ணுக்குள் கையை விட்டதும் ஒவ்வொன்றாகத் தாமாகவே கழன்று அவள் உள்ளங்கையில் ஏறின. எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். தாய்ச்சேனையின் முளை மட்டும் குழியின் நடுவில் இருந்தது. அது கட்டைவிரல் நகத்தளவுதான், தின்ன ஆகாது. அது பேசவுமில்லை. கொற்றி அதன்மேல் மண்ணைத் தள்ளிவிட்டு நடந்தாள்.

வழியெல்லாம் முந்தானைக்குள் பேச்சு. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்றது ஒன்று. "அம்மா எங்களைத் தேடினாளா?" என்றது இன்னொன்று. அவள் வேகமாக நடந்தாள்.

பானையில் போட்டதும் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தன. கிழங்குக்கு வேகும்போது வலிக்காது என்று அவள் கேட்டிருக்கிறாள். 'வா' என்று சொல்லி வந்த கிழங்குக்கு வலிக்காது. பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா இங்க இல்லையே."

மற்றவையும் சேர்ந்துகொண்டன. கொற்றி ஒரு தட்டை எடுத்துப் பானையை மூடினாள். குரல் மங்கியது. மங்கிய குரல் கொதியோடு சேர்ந்து தட்டை ஆட்டியது. தட்டின்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். வெளியே வர வழியில்லாமல் அந்த அழுகை முழுவதும் கிழங்குக்குள்ளேயே இறங்கி, முடியைவிட மெல்லிய ஊசிகளாக உறைந்தது. கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். அவற்றைக் கொற்றி பார்க்கவில்லை. சத்தம் அடங்கியதை மட்டும் கவனித்தாள்.

இறக்கி, நசுக்கி, ஊதி ஆற்றினாள். முதல் கவளத்தைக் கையில் எடுத்தபோது வழக்கம் நினைவுக்கு வந்தது. பானையைப் பார்த்தாள். இருந்ததே கொஞ்சம். தான் தின்கிற ஒரு வாய், பிள்ளைக்கு ஒரு வாய் குறைவு. காத்திருக்கவும் நேரமில்லை.

முதல் கவளத்தைக் குன்றிக்கு ஊட்டினாள். பிள்ளை விழுங்கியது. இரண்டாவதையும் விழுங்கியது. கடம்பன் சுவரில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

பிறகு குன்றி வாயைத் திறந்தாள். அழுவதற்குத்தான் திறந்தாள். அழுகை வரவில்லை. நாக்கு வாயை அடைத்துக்கொண்டிருந்தது. கை தொண்டையைப் பிறாண்டியது. சற்றுமுன் கடம்பனின் விரலைப் பிடிக்கத் தெம்பில்லாத கை, கொற்றியின் விரலை இறுகப் பிடித்தது. பிடி தளர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

கடம்பன் பானையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"நீ தின்னு பாத்தியா?"

கொற்றி பானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மிச்சமிருந்ததை வழித்துத் தின்றாள். முதலில் தின்ன வேண்டியவள் கடைசியில் தின்றாள். தொண்டையில் ஆயிரம் முள் இறங்கியது. பானை உருண்டு வாசலில் விழுந்து உடைந்தது.

சத்தம் கேட்டு வந்தவள் இருளாயி. அவள் கையில் புளித்தண்ணீர் இருந்தது. அது மருந்து என்று அவள் நினைத்ததுகூட இல்லை, வீட்டில் வேறெதுவும் இல்லை. கொற்றியின் தாடையைப் பிரித்து அதை ஊற்றினாள். ஊற்ற ஊற்ற முள் மழுங்கியது. வீக்கம் இறங்கியது. கொற்றி மூச்சு விட்டாள்.

இருளாயி அப்போதுதான் பாயைப் பார்த்தாள்.

"முந்தியே ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா, மைனி" என்றாள். அதில் கிண்டல் இல்லை.

கொற்றி பிழைத்ததில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. அவளுக்கும் இல்லை. மூப்பன் வந்து உடைந்த பானைக்குள் ஒட்டியிருந்ததைப் பார்த்தான், விஷயம் புரிந்தது. ஊரைவிட்டு விலக்கி வைக்க வேண்டிய குற்றம். ஆனால் விலக்கி வைத்து அனுப்ப வேறு ஊர் எதுவும் மிச்சமிருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

பிள்ளையைப் புதைக்கக் குழி வேண்டும். புதிதாகத் தோண்ட ஒருவருக்கும் தெம்பில்லை. மண் இளகியிருந்த இடம் ஒன்றுதான். கொற்றி குன்றியைத் தூக்கிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனாள். கடம்பன் பின்னால் வந்து கொஞ்சம் தள்ளி நின்றான்.

அவள் மண்ணை விலக்கியதும் உள்ளேயிருந்த முளை பேசியது.

"என்ன கொண்டு வந்திருக்க?"

"என் பிள்ளை."

"என் பிள்ளைங்க?"

கொற்றி நின்றுகொண்டே இருந்தாள்.

"வச்சிட்டுப் போ" என்றது முளை. "நான் பாத்துக்கிடுறேன்."

மண்ணுக்குள்ளிருந்து மனிதர்கள் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

அந்த மாதமே மழை வந்தது. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். கொற்றியிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. மழை பெய்த சில நாளில் அந்தக் குழியிலிருந்து இலையோ தண்டோ எதுவுமில்லாமல், வெறும் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு பூ வந்தது. காட்டில் அதுவரை யாரும் பார்த்திராத பூ. பச்சை இறைச்சியின் நிறம், ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பாக. அதன் வாடை பூவின் வாடை அல்ல. பிணத்தின் வாடை. மலையிலிருந்த ஈயெல்லாம் அங்கே வந்து மொய்த்தது.

"வெட்டி எறியச் சொல்லுங்க மூப்பரே, குமட்டுது" என்றார்கள்.

மூப்பன் ஆள் அனுப்பினான். போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கொற்றி பூவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புளியங்கொப்பால் ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். பூ வாடித் தலை கவிழும்வரை அங்கேயே இருந்தாள். சாப்பாட்டை இருளாயி கொண்டுவந்து வைத்தாள்.

பூ போனபின் இலை வந்தது. இலை சாய்ந்த காலத்தில் கொற்றி போய்க் குனிந்து தட்டினாள். "வரலாமா?" பதில் இல்லை. வள்ளிக்கொடியிடம் போனாள். அந்த வாயாடிகூட வாயைத் திறக்கவில்லை. சேம்பின் புலம்பலும் இல்லை. காட்டிலிருந்த கிழங்கு முழுவதும் மனிதர்களோடு பேச்சை நிறுத்தியிருந்தது.

"இனிமே எது ஆகும், எது ஆகாதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட?" என்றான் மூப்பன்.

"தின்னு பாத்துத்தான்" என்றாள் கொற்றி. "நான் தின்னு பாக்கேன்."

வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை, அவளை வேண்டாம் என்று சொல்லவுமில்லை. வள்ளியைத் தின்றாள், ஒன்றும் செய்யவில்லை, வெறுமனே அவித்தால் போதும். சேம்பு லேசாகக் கீறியது. சேனை எந்த மலையில் எடுத்தாலும் தொண்டையைக் கிழித்தது. அப்போது தன் வாயில் ஊற்றப்பட்ட புளித்தண்ணீர் அவளுக்கு நினைவுக்கு வந்தது. புளியைக் கரைத்து ஊற்றி, மூடாத பானையில் நெடுநேரம் வேக வைத்தாள். தின்றாள், காத்திருந்தாள். பிறகு இருளாயியின் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். கடம்பன் வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சேனையைத் தொடவே இல்லை, சாகும்வரை.

அன்று முதல்தான் சேனைப்பூ பிண வாடை அடிக்கிறது. அன்று முதல்தான் சேனை காறுமா, காறாதா என்று கிழங்கிடம் கேட்க வழியில்லாமல், சந்தையில் விற்கிறவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. காறவே காறாது என்று அவர் சொல்வார். கேட்டவள் அதை வாங்கிவந்து, அந்தச் சொல்லை நம்பாமல் புளி ஊற்றி வேக வைத்து, முதல் துண்டைத் தன் நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருக்கிறாள். அதற்குள் பிள்ளை தட்டை நீட்டினாலும், "இரு" என்கிறாள்.